பதினான்கு வருஷத்துப் புண்

செம்மநத்தம் பக்கத்து காபி எஸ்டேட்டில் யாருக்காவது கவாத்துக் கத்தி பட்டுவிட்டால், காலில் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டால், முதலில் தேடுவது ஜீப் டிரைவர் அண்ணாதுரையைத்தான். ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. ஜீப்பின் முன்சீட்டுக்கு அடியில் அவர் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். பஞ்சு, காஸ் துணி, பிளாஸ்திரி, புண்ணுக்குப் போடும் மருந்து, சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் அதில் இருக்கும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கை வைப்பார். அவர் போட்ட கட்டு அவிழாது, இறுக்கவும் செய்யாது. எங்கே கத்துக்கிட்டீங்க என்று யாராவது கேட்டால், "ஊட்டுலதான்" என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்கமாட்டார்.

வீட்டில் அவர் மனைவி பானுவின் வலது கெண்டைக்காலில் ஒரு தீப்புண் இருந்தது. அதை ஆற்றப் போய்த்தான் அவருக்கு இந்தக் கைப்பழக்கம் வந்தது.

அது நடந்தது 2009 மே மாதம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மோட்டார் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பைக் அவருடையது இல்லை. எஸ்டேட்டில் ஆள் பேர் பதியும் ரைட்டர் கோவிந்தராஜ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத புது வண்டி. "ஒரே ஒரு நாளைக்குங்க" என்று கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தார். சாயங்காலத் தூறலில் ரோடு நனைந்து, சில்வர் ஓக் சருகெல்லாம் வழுக்கலாகக் கிடந்தது. ஒரு வளைவில் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. இருவரும் முன்னால் போய் விழுந்தார்கள். பின்னாலேயே சறுக்கி வந்த வண்டி பானுவின் காலின் மேல் ஏறி நின்றது.

அண்ணாதுரைக்கு முழங்கையில் சிராய்ப்புதான். உடனே எழுந்துவிட்டார். எழுந்தவர் முதலில் என்ன செய்தார் என்பதுதான் பின்னால் அவரைப் படுத்திய விஷயம். குனிந்து ஹேண்டில்பாரைத் திருப்பி, ஹெட்லைட் கண்ணாடி உடைந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார். டேங்கில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அஞ்சாறு நொடிதான் இருக்கும். "ஏனுங்க, காலு... காலு எரியுதுங்க" என்று பானு அலறிய பிறகுதான், அவள் கால் சைலன்சருக்கு அடியில் மாட்டிக் கிடப்பது அவருக்கு உறைத்தது. வண்டியைத் தூக்கியபோது சேலைத் துணியோடு தோலும் சேர்ந்து வந்தது.

"நெருப்புப் புடிச்சிருமேன்னு பெட்ரோலை மூடிட்டு வந்தேன்" என்று அன்றைக்கே பானுவிடம் சொன்னார். அவள் நம்பினாள். ஹெட்லைட் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எவ்வளவு நேரம் சூடு பட்டது என்று அங்கிருந்த டாக்டர் கேட்டதற்கு, "உடனே எடுத்துட்டேனுங்க" என்றார். ஐந்தாம் நாள், புண் ஆழமாக வெந்திருக்கிறது, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் சரியாக மூடாது என்று சொன்னார்கள். பானு தயாராகத்தான் இருந்தாள். "பண்ணிக்கலாமுங்க, ஒரு வலியோட போயிரும்" என்றாள். அண்ணாதுரைக்கு மனம் வரவில்லை. தன்னால் வெந்துபோன பெண்டாட்டியின் உடம்பில் இன்னொரு இடத்திலும் தோலை உரிப்பதா? மயக்க மருந்து கொடுத்து எழுந்திரிக்காமல் போனால், வீட்டில் நாலு வயசுக் குழந்தை தீபிகாவை என்ன செய்வது? "நானே பாத்துக்கறேனுங்க, ஆத்திப்புடுவேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூட்டிவந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். தினமும் சாயங்காலம் ஜீப்பை ஷெட்டில் விட்டதும் முதல் வேலை அதுதான். வெந்நீர் காய்ச்சி ஆறவைத்து, பானுவைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லி, பழைய கட்டை நனைத்து நோகாமல் எடுப்பார். எட்டு மாதத்தில் புண் மூடியது. மூடிய தோல் காகிதம் மாதிரி மெல்லிசாக, இழுத்துப் பிடித்துப் பளபளவென்று இருந்தது. பழம் பறிக்கும் நாளில் காபிச் செடிக்குள் நுழைந்து போகும்போது ஒரு குச்சி உரசினால் போதும், பிளந்துகொள்ளும். மறுபடி கட்டு, மறுபடி மூடல். சில வருஷம் மூன்று மாதம் திறந்து கிடக்கும், சில வருஷம் முழுக்கவே.

புண் பின்பக்கம் இருந்ததால் பானுவால் அதைச் சரியாகப் பார்க்க முடியாது. படுத்தபடியே தினமும் கேட்பாள்.

"எப்படி இருக்குதுங்க?"

"பரவால்ல. ஆறுது."

இந்த இரண்டு வார்த்தையிலேயே பதினான்கு வருஷம் ஓடியது.

2023 ஐப்பசியில் ஒரு நாள், புண்ணின் கீழ் ஓரம் தடித்து மேலே எழும்பியிருப்பதை அண்ணாதுரை பார்த்தார். பத்து நாள் கழித்து அது காலிபிளவர் மாதிரி சின்னச் சின்ன மொட்டாக ஆகியிருந்தது. பஞ்சை வைத்தாலே ரத்தம் கசிந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ புண்ணைப் பார்த்துவிட்ட கை அது. இது வேறு என்று அந்தக் கைக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

"எப்படி இருக்குதுங்க?"

"ஒண்ணுமில்ல. பனிக்குக் கொஞ்சம் வெடிச்சிருக்குது."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரையே கேட்டால், பயம் என்பார். பயம்தான், ஆனால் நோயைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பழைய கதையெல்லாம் கேட்பார்கள். ஏன் தோல் ஒட்டவில்லை, யார் வேண்டாம் என்றது, எவ்வளவு நேரம் சூடு பட்டது என்று வரிசையாக வரும். அதற்குப் பதிலாக மருந்தை மாற்றிப் பார்த்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கட்டுப் போட்டார். கார்த்திகை போனது, மார்கழி போனது.

பொங்கலுக்குச் சேலம் ஹாஸ்டலிலிருந்து தீபிகா வந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் சுளித்தாள்.

"அப்பா, ஊட்டுக்குள்ள என்ன வாடை?"

அவர் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் அம்மாவைத் திரும்பி உட்காரச் சொல்லிக் கட்டை அவிழ்த்துவிட்டாள். பிறகு செல்போனில் ஒரு படம் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். பதினான்கு வருஷத்தில் பானு தன் புண்ணை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இதயா ஆறுதுன்னு சொன்னீங்க?" என்றாள் புருஷனைப் பார்த்து. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

மறுவாரம் மூன்று பேரும் பஸ் பிடித்து மலையிறங்கினார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் இன்பமேரி புண்ணின் ஓரத்தில் மூன்று இடத்தில் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். காலை ஸ்கேன் எடுத்தார்கள். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். பழைய தீப்புண்ணிலிருந்து வந்த புற்றுநோய். எலும்பைத் தொட்டுவிட்டது.

அண்ணாதுரை கேட்டார். "நான் போட்ட மருந்தாலயாங்க, டாக்டரம்மா?"

"மருந்தால வரலைங்க. புண்ணு மூடாம கெடந்ததால வந்துது." டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். "காயம் பட்டா ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள் அங்க வந்து சேரும். சில அணு கிருமியைக் கொல்லும். சில அணு செத்த சதையைத் தின்னு துப்புரவு பண்ணும். அப்புறம் புதுசா ரத்தக்குழாய் வர வைக்கும், தோலை வளரச் சொல்லித் தூண்டும். புண்ணு மூடிட்டா அதுங்க வேலை முடிஞ்சு போயிரும். இவங்களுக்கு மூடவே இல்லை. மூடினாலும் நிக்கலை. அதனால அந்த அணுக்கள் போகாம பதினாலு வருஷமா அங்கயே இருந்து, வளரு வளருன்னு தூண்டிக்கிட்டே இருந்திருக்குது. கிருமியைக் கொல்ல அதுங்க விடற காரம் நல்ல தோல் அணுவையும் கெடுக்கும். அத்தனை தடவை பெருகற எடத்துல ஏதோ ஒரு அணு தப்பாப் பொறந்துருது."

"தப்பாப் பொறந்ததையும் கொல்றதுக்குத்தான வெள்ளை அணு இருக்குது, மேடம்?" என்று தீபிகா கேட்டாள்.

"இருக்குதும்மா. கொல்றதுக்குன்னே தனி அணு இருக்குது. ஆரம்பத்துல நெறயக் கொல்லும். ஆனா தப்பிச்ச ஒண்ணு வளந்துட்டா, புண்ணாத்த வந்து நிக்கற அணுக்களை அது தன் பக்கம் திருப்பிக்கும். அதுங்களும் புண்ணுன்னே நெனச்சுக்கிட்டு புற்றுக்கு ரத்தக்குழாய் போட்டுக் குடுக்கும். கொல்ல வர்ற அணுக்களைக் கிட்ட விடாது. இங்க ஒண்ணுமில்லை, நீங்க போங்கங்கற மாதிரி அடக்கி வெச்சிரும். அம்மாவோட சதையில அந்த மாதிரி அணுக்கள் கூட்டமா இருக்குதுன்னு ரிப்போர்ட்ல வந்திருக்குது."

அண்ணாதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டு யாரு போடறது? நீங்களா?" டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க. நடுவுல சீழ் புடிச்சுப் பெருசாகாம இருந்ததே அதனாலதான்."

யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"ஓரம் எப்பத் தடிக்க ஆரம்பிச்சுது?"

பானு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தீபிகா பின்னால் நின்றிருந்தாள். "மார்கழியிலதானுங்க" என்றார். "ஒரு மாசம் இருக்கும்."

டாக்டர் நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா சதையோட எடுத்திருக்கலாமோ என்னமோ. இப்ப முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும்."

மாசி மாதம் காலை எடுத்தார்கள். தொடை இடுக்கில் இருந்த நெறிக்கட்டியையும் ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். அதில் நோய் இல்லை என்று வந்தது. வார்டுக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் செய்தியைக் கேட்டதும் தீபிகா அழுதாள். அண்ணாதுரைக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே பானு படுத்திருந்த இரும்புக் கட்டிலில், போர்வை வலப்பக்கம் பாதிக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அந்த இடத்தில் கண் படாமல் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு நாள் அங்கிருந்தார்.

எஸ்டேட்டுக்குத் திரும்பிய பிறகும் சாயங்காலம் அதே நேரத்துக்கு வெந்நீர் வைத்தார். பானுவும் காலை நீட்டினாள். வெட்டிய இடத்துத் தையல் நன்றாகக் கூடி வந்தது. ஒரு மாதம் இப்படிப் போனது. அவரைக் கண்டபோதெல்லாம் எஸ்டேட் ஆட்கள் ஒரே பாட்டைப் பாடினார்கள். "பொண்டாட்டிக்கு இப்படிச் செய்யற ஆம்பளை எங்கிங்க இருக்கறான்?" பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாள் அதைப் பானுவிடமே வந்து சொன்னாள். "நீ குடுத்து வெச்சவ பானு." பானு ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவரால் தாங்க முடியாமல் போனது.

அன்றைக்குக் கட்டு முடித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பானு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு வண்டி உழுந்தப்ப நான் பெட்ரோலை மூடலை. ரைட்டரோட புது வண்டியாச்சேன்னு லைட்டுக் கண்ணாடியத் தடவிப் பாத்துட்டு இருந்தேன். நீ கூப்புட்ட பொறகுதான் வந்தேன்."

பதினான்கு வருஷம் நெஞ்சில் அடைத்துக் கிடந்ததைச் சொல்லிவிட்டார். பானு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இதானுங்களா?" என்றாள். "உழுந்த அதிர்ச்சியில யாருக்குங்க மூளை வேல செய்யும்? நானே என்ற செருப்பு எங்க போச்சுன்னு தேடினேன். இதுக்குப் போயி..."

அவள் அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டது அவருக்கு என்னவோ மாதிரி இருந்தது. அணை திறந்த மாதிரி மேலே மேலே பேசினார். தோல் ஒட்டவேண்டாம் என்றது தன் தப்பு என்றார், தன் பயத்துக்கு அவளைப் பலி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "ஐப்பசியில அந்த மொட்டுக் கண்ணுல பட்டப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா..." என்றும் சொல்லிவிட்டார்.

பானு கையைத் தூக்கினாள்.

"ஐப்பசியிலயா?"

அவர் நிறுத்தினார்.

"டாக்டரம்மாகிட்ட மார்கழின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அந்தம்மா மூணு மாசம் முன்னாடி வந்திருந்தான்னு சொல்லறப்ப நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். என் நேரம், ஒரு மாசத்துல எலும்பு வரைக்கும் போயிருச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் குரல் ஏறவில்லை. "தெனமும் கேட்டனுங்களே. எப்படி இருக்குது, எப்படி இருக்குதுன்னு தெனமும் கேட்டனே. எனக்குத் தெரியாத எடத்துல இருந்த புண்ணு. உங்க கண்ணுலதான நான் பாத்தேன்?"

"பயந்துட்டேன் பானு."

"எனக்குப் பயப்படறதுக்குக்கூட நீங்க உடலையே."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தார். அவள் கேட்டாள். "இதை இப்ப எதுக்குச் சொன்னீங்க? நான் தெரிஞ்சுக்கோணும்னா, இல்ல உங்களுக்கு நெஞ்சு லேசாகோணும்னா?"

இரண்டாவதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் வெந்நீர் வைத்து எடுத்துவந்தபோது, பானு கிருஷ்ணம்மாளிடமிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கி மடியில் வைத்திருந்தாள். "தண்ணிய அங்க வெச்சுட்டுப் போங்க" என்றாள். பஞ்சைத் தானே நனைத்தாள். கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்து, தையலின் அடிப்பக்கம் வரை பார்த்துத் துடைத்தாள். முதலில் கட்டு கோணலாக வந்தது. அவர் கை தன்னால் முன்னால் போனது. அவள் ஏறிட்டுப் பார்த்ததும் நின்றுவிட்டது. அதன் பிறகு அந்தக் காலை அவர் தொட்டதில்லை.

சண்டை என்று சொல்ல முடியாது. சோறு போட்டாள், பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தீபிகாவுக்குப் போன் செய்தால் அவர் காதிலும் வைத்தாள். தீபிகாவிடம் அவள் ஐப்பசி விஷயத்தைச் சொல்லவே இல்லை. ஒரு தடவை அவரே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது, "அந்தப் புள்ளைக்கு எதுக்குங்க? அவளாவது அப்பனை நம்பட்டும்" என்று தடுத்துவிட்டாள். அவர் தலைமேல் கல்லை வைத்த மாதிரி ஆனது. அவளாக ஊரெல்லாம் சொல்லித் திட்டியிருந்தால்கூட எங்காவது ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்து அழுதிருப்பார்.

ஜீப்பில் இருந்த டப்பாவை அவர் தூக்கிப் போடவில்லை. ஆனால் வெட்டுக்காயத்துக்கு ரத்தம் நிற்க ஒரு துணி கட்டுவதோடு சரி. அதற்கு மேல் யார் கேட்டாலும், "ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். மிளகு பறிக்க மரம் ஏறும் சத்யராஜுக்குக் கணுக்காலில் இரண்டு வருஷமாக ஒரு புண் இருந்தது. அவன் வேலையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். அண்ணாதுரை அவனை விடாமல் இழுத்துக்கொண்டு சேலம் வரைக்கும் போனார். அங்கே புண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு, நரம்பு சுருண்டதால் வந்த புண், காலை உயர்த்தி வைத்துப் படு, இறுக்கமான சாக்ஸ் போடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வேலை போயிற்று என்று சத்யராஜ் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தான். அண்ணாதுரைக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததை அவன் கவனிக்கவில்லை.

பானுவுக்குச் செயற்கைக் கால் வந்தது. எஸ்டேட்டில் அவளை நாற்றங்காலுக்கு மாற்றிவிட்டார்கள். நிழல்வலைக்கு அடியில் உட்கார்ந்து பையில் மண் நிரப்பிக் காபி விதை ஊன்றும் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இன்பமேரி டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் இரண்டு தடவை அவர் உள்ளே கூடவே போனார். மூன்றாவது தடவை, பெயர் கூப்பிட்டதும் அவரும் எழுந்தார். "நானே சொல்லிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு பானு ஊன்றுகோலோடு தனியாகப் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் தன் மகனுடைய ரிப்போர்ட்டை நீட்டி, இதில் என்ன போட்டிருக்குது என்று கேட்டார். அண்ணாதுரை, "எனக்குத் தெரியாதுங்க, உள்ளே நர்ஸைக் கேளுங்க" என்றார். உள்ளே பானுவின் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. டாக்டர் ஏதோ கேட்கிறார், இவள் நீளமாகப் பதில் சொல்கிறாள். என்ன சொல்கிறாள், எந்த மாதத்திலிருந்து சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் பாத்தியதை தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்லையாமுங்க. நல்லா இருக்குதாம்" என்றாள். பிறகு சீட்டை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, "படம் எடுத்துக் காட்டச் சொல்லிப் பாத்துட்டேன். நானே பாத்துட்டேன்" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"ஏற்காடு பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?"

"ஒண்ணே காலுக்கு."

"அப்ப நேரம் இருக்குது. பசிக்குது, வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரிப் படி மொத்தம் ஏழு. அவர் ஒரு படி கீழே இறங்கி, பக்கவாட்டில், கையை நீட்டாமல் நின்றுகொண்டார். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.